கேட்கப் பயந்த பையன்

"அண்ணே, இந்த லைன்ல பிரஷர் இறங்கிருச்சான்னு எப்படிப் பார்க்கிறது?"

அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அவன் கேட்கவில்லை.

செம்பனை எண்ணெய் ஆலையில் பழக்குலைகளை முதலில் நீராவியில் வேக வைப்போம். ஸ்டெரிலைசர் என்கிற நீளமான உருளைக்குள் கூண்டு கூண்டாகக் குலைகளைத் தள்ளி, ஏறக்குறைய 40 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் நீராவி விடுவார்கள். உள்ளே சூடு 140 டிகிரி வரை போகும். அதிலிருந்து வடியும் கொதிநீர்க் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கும். அடிக்கடி அடைத்துக்கொள்ளும், கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அன்றைக்கு அந்த வேலைக்கு அவனை அனுப்பியிருந்தார்கள். வால்வை மூட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், மூடினான். வால்வை மூடினாலும் குழாய்க்குள் அழுத்தம் மிச்சம் இருக்கும், வடிகாலைத் திறந்துவிட்டுக் காத்திருந்து பார்க்க வேண்டும். இது அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஏதோ ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று நினைவிருந்தது, எதை என்று நினைவில்லை. போல்ட்டுகளைத் தளர்த்தினான். கொதிநீர் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அடித்துவிட்டது.

அவனுக்கு வயது 19. அப்ரண்டிஸாகச் சேர்ந்து நான்கு மாதம். நான் இரண்டு இயந்திரம் தள்ளி நின்று ஒரு பம்ப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி, அவன் கையைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கிளினிக். மாலையில் விபத்துப் படிவம் வந்தது. காரணம் என்ற இடத்தில் 'முறையான செயல்முறையைப் பின்பற்றவில்லை' என்று எழுதியிருந்தார்கள். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

படிவத்தில் இருந்தது பொய்யில்லை. ஆனால் அவன் ஏன் கேட்கவில்லை என்று அதில் யாரும் எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கட்டுப் பிரித்த பிறகும் அவன் வேலைக்குத் திரும்பாததால் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தேத்தண்ணி போட உள்ளே போன நேரத்தில் மெதுவாகச் சொன்னான்: "கேட்டா டவுட்டுன்னு கூப்பிடுவாங்கண்ணே."

டவுட்டு. அதுதான் அவனுக்கு வைத்த பெயர். முதல் வாரத்தில் நிறையக் கேள்வி கேட்டிருக்கிறான், அதனால் வந்த பெயர். அவன் வாயைத் திறந்தாலே இரண்டு பேர் சாமான் பெட்டியைத் தட்டுவார்கள், மூன்றாமவன் "டவுட்டு வந்துருச்சு, டவுட்டு வந்துருச்சு" என்பான். இரண்டாவது மாதத்தில் அவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். அந்தப் பெயர் தினமும் என் காதில் விழுந்தது. நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த ஆலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது. நான் இப்போது இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், ஊர்க்காரர்கள் நாங்கள் பழைய பெயரைத்தான் சொல்வோம். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பையன்கள் ஐந்தாம் படிவம் முடித்ததும் பட்டறை, ஆலை என்று பயிற்சிக்கு வருவார்கள். இரட்டைப் பயிற்சித் திட்டம் 2005இல் தொடங்கியதிலிருந்து இந்த வழி பரவலாகிவிட்டது. முக்கால்வாசிப் பயிற்சி வேலையிடத்தில், மீதி வகுப்பறையில். முடித்தால் மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்.கே.எம். படிப்பில் பின்தங்கிய ஒரு பையனுக்கு அந்தத் தாள் பெரிய விஷயம். அவன் வீட்டுக்கும் பெரிய விஷயம். அதனால்தான் அவன் வாயை மூடிக்கொள்கிறான்.

இப்படிக் கேலி செய்து ஒருவனைப் படுத்துவதை வானொலியிலும் பத்திரிகையிலும் பகடிவதை என்று சொல்கிறார்கள். நல்ல சொல். பகடி என்று தொடங்கி வதை என்று முடிகிறது, நடப்பதும் அதே வரிசையில்தான். ஆனால் எங்கள் பட்டறையில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். "சும்மா லா அண்ணே, வெளையாட்டு" என்பார்கள்.

இதில் நான் தாமதமாகப் புரிந்துகொண்ட ஒன்று இருக்கிறது. புதுப் பையனைப் படுத்துவது பெரும்பாலும் பழைய தொழிலாளிகள் இல்லை. ஆறு மாதம், எட்டு மாதம் முன்னால் சேர்ந்த இன்னொரு அப்ரண்டிஸ்தான். நேற்று வரை அவன்தான் கடைசி ஆள். தனக்குக் கீழே ஒருவன் வந்ததும், தான் பட்டதை இறக்கி வைக்க இடம் கிடைக்கிறது. "நாங்க படலையா?" என்ற ஒரே கேள்வியில் எல்லா நியாயமும் அடங்கிவிடும். தோட்டத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. தோட்டத்துத் துரை கிராணி என்கிற குமாஸ்தாவை ஏசுவார், கிராணி தண்டல் என்கிற மேற்பார்வையாளரை ஏசுவார், தண்டல் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் வைத்து எங்கள் தாத்தாக்களை ஏசினார். ஏசினால்தான் வேலை வரும் என்று நம்பி வளர்ந்த பரம்பரை நாம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று பழமொழி வேறு. எனக்கு அந்தப் பழமொழியில் துளியும் உடன்பாடில்லை. கொதிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிற பையனுக்கு அண்ணன் தம்பிதான் உதவ முடியும்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆலையின் பொறியாளர் மலாய்க்காரர், நல்ல மனிதர். பையன்கள் சிரித்துப் பேசுவதை அவர் பார்ப்பார், என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. சாதியைக் குத்தி ஒரு சொல், அப்பாவின் குடியைக் குத்தி ஒரு சொல், இதெல்லாம் தமிழில் போகும். பட்டறையே கலகலப்பாக இருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றும். அந்தச் சொற்களின் எடை புரிந்தவர்கள் அங்கே இருந்த தமிழ் ஃபிட்டர்கள் நாங்கள் நாலு பேர்தான். நாங்களும் பேசாமல் இருந்தால், அவனுக்காகக் கேட்க அந்த ஆலையில் ஆளே இல்லை என்று அர்த்தம்.

அந்தப் பையன் திரும்பி வரவில்லை. நான் இரண்டு வருடம் கழித்து வேறு பட்டறைக்கு மாறினேன், அங்கே பயிற்சிப் பையன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்குப் பிறகு செய்து பார்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். சிலது சரியாக வந்தது, சிலதில் தப்புச் செய்தேன்.

முதலில் நான் தேடியது, ஒரு அப்ரண்டிஸுக்கு இன்னொரு அப்ரண்டிஸ் மேல் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை. தேடினால் கண்ணில் படும். பயிற்சிக் குறிப்பேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்கு நேரம் இல்லாதபோது "நீயே பார்த்து எழுதி வை, நான் அப்புறம் போடுறேன்" என்று மூத்த பையனிடம் புத்தகத்தைக் கொடுத்துவிடுவோம். அவ்வளவுதான், அவன் முதலாளி ஆகிவிட்டான். சட்டையைத் துவைத்துப் போட்டால்தான் பக்கம் நிரம்பும். நான் அதை முதல் வாரமே நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, என்ன செய்தாய் என்று கேட்டுக் கையெழுத்துப் போடுவேன். ஒரு பையனுக்குப் பத்து நிமிடம். படுத்தல் பாதி இதிலேயே குறைந்துவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அடுத்தது சாப்பாடு. காலை ரொட்டி சானாய் வாங்கி வர எப்போதும் புதுப் பையன்தான் போவான். அதில் தப்பில்லை, நானும் போயிருக்கிறேன். ஆனால் "நீ குடுத்துரு, அப்புறம் தரேன்" என்று தொடங்கும். ஒரு பையன் மூன்று மாதத்தில் 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கைக்காசு போட்டிருந்தான். அவனுக்குக் கிடைத்ததே வெறும் பயிற்சி அலவன்ஸ்தான். சரி, ஒரு அட்டையில் பெயர் எழுதித் தொங்கவிட்டேன். ஒவ்வொரு நாளும் ஒருவர், என் பெயரும் அதில் உண்டு. காசு கைக்கு வந்தால்தான் கிளம்ப வேண்டும். முதல் திங்கட்கிழமை நானே போய் எட்டு ரொட்டி வாங்கி வந்தேன். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

சாமான்களை ஒளித்து வைப்பது அடுத்த விளையாட்டு. 19ஆம் நம்பர் ஸ்பானாவை ஒளித்து வைத்துவிட்டு, ஃபோர்மேன் வந்து ஏசுவதை வேடிக்கை பார்ப்பார்கள். ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு நிறம் பெயின்ட் என்று கொடுத்தேன். மாலையில் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒருவனுடைய சாமான் இன்னொருவனுடைய பெட்டியில் இருந்தால் யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும்.

சில விஷயங்களில் பேச்சுவார்த்தையே கிடையாது. காற்றுக் குழாயை ஒருவன் உடம்பில் வைப்பது அதில் முதலாவது. பட்டறை கம்ப்ரஸரில் 100 பி.எஸ்.ஐக்கு மேல் காற்று இருக்கும். விளையாட்டுக்கு என்று பின்பக்கம் வைத்து அடித்துக் குடல் கிழிந்து செத்தவர்கள் உலகத்தில் பல நாட்டில் இருக்கிறார்கள். தோலில் காயம் இருந்தால் அதன் வழியாகவே காற்று உள்ளே போய்விடும். வெல்டிங் செய்யும்போது முகமூடி இல்லாதவனைக் கூப்பிட்டுத் திரும்ப வைப்பது, கிரைண்டர் பொறியைக் காலில் விடுவது, தொட்டிக்குள் இறங்கியவன் மேல் மூடியைச் சாத்துவது, மற்றவன் மாட்டிய பாதுகாப்புப் பூட்டைக் கழற்றி ஒளிப்பது, இவற்றில் எதைச் செய்தாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டும். முதல் நாளே, வாசல் கேட்டில் நிற்க வைத்துச் சொல்லாமல், அந்த கம்ப்ரஸர் பக்கத்திலேயே நிற்க வைத்து, தமிழிலும் மலாயிலும் சொல்வேன். அலுவலகத்தில் கொடுக்கிற தாளில் கையெழுத்து வாங்குவதால் ஒன்றும் ஆகாது. பையன்கள் தாளைப் படிப்பதில்லை, பட்டறையில் பெரியவர் எதற்குச் சிரிக்கிறார், எதற்கு முகம் சுளிக்கிறார் என்றுதான் படிப்பார்கள்.

இனி என் தப்பு. ஒரு பையன் துணிந்து என்னிடம் வந்து சொன்னான், தங்குமிடத்தில் இரண்டு பேர் இரவில் எழுப்பி எழுப்பித் தொல்லை கொடுக்கிறார்கள் என்று. நான் மூன்று பேரையும் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் விசாரித்து, "கை குடுத்துட்டுப் போங்கடா" என்றேன். கை கொடுத்தார்கள். அன்றைக்கு இரவு அவன் மெத்தையில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், 'கம்ப்ளேன்' என்று புதுப் பெயரும் வைத்துவிட்டார்கள். நல்லது செய்வதாக நினைத்து அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் யார் சொன்னது என்று வெளியே விட மாட்டேன். வந்து சொன்னவனிடம் முதலில் கேட்பது "நான் என்ன செய்யணும்னு நெனைக்கிற?" என்பதுதான். சில பேர் இடம் மாற்றினால் போதும் என்பார்கள். சில பேர் யாராவது கேட்டாலே போதும் என்று போய்விடுவார்கள். இடம் மாற்ற வேண்டியிருந்தால் படுத்தியவனைத்தான் மாற்றுவேன். பாதிக்கப்பட்டவனை மாற்றினால் தண்டனை அவனுக்கு விழுந்த மாதிரி ஆகிவிடும்.

"உன்னை யாராச்சும் தொல்லை பண்றாங்களா?" என்று கேட்பதில் பயனில்லை. இல்லை என்றுதான் சொல்வான். "நேத்து யார்கூட சாப்பிட்ட?" என்று கேளுங்கள். யாரோடும் இல்லை என்று இரண்டு மூன்று நாள் வந்தால் கவனிக்க வேண்டும். திங்கட்கிழமை தோறும் எம்.சி என்கிற மருத்துவ விடுப்பு, பத்து நிமிடம் முன்னால் வந்து வெளியே மோட்டார் சைக்கிளிலேயே உட்கார்ந்திருப்பது, நன்றாகச் செய்து வந்த வேலையில் திடீரென்று தடுமாற்றம், ஃபோன் மணி அடித்தால் பதறுவது, இதையெல்லாம் சோம்பேறித்தனம் என்று எழுதிவிடுவோம். நானும் ஒருவனை அப்படி எழுதியிருக்கிறேன். அவன் அம்மாவிடம் பேசியபோதுதான் இரவில் தூங்குவதே இல்லை என்று தெரிந்தது.

படுத்துகிறவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனும் இருபது வயதுப் பையன்தான். ஒருவனைத் தனியாக அழைத்துக்கொண்டு மூன்று மாதம் என் பக்கத்திலேயே வேலை வைத்துக்கொண்டேன். புதியவர்களோடு நிற்க விடவில்லை, ஆனால் வேலையை மனம் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். பேரிங் மாற்றுவதில் அவன் கை அவ்வளவு சுத்தம். திறமையால் மதிப்பு வந்ததும் மற்றவனை மட்டம் தட்டும் தேவை அவனுக்குக் குறைந்தது. இன்னொருவனுக்கு இதே வழி பலிக்கவில்லை. ஒரு புதுப் பையன் தூங்குவதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராக்கிப் போட்டான், எச்சரித்த பிறகும் போட்டான். அவனை அனுப்ப வேண்டியதாயிற்று. அவன் அப்பா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது, ஆனாலும் முடிவை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பையன்கள் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த அளவு சொல்வேன். 2025 ஜூலை 11 முதல் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் நடப்பில் இருக்கின்றன. மிரட்டியோ இழிவுபடுத்தியோ ஒருவரை வேண்டுமென்றே துன்புறுத்தினால், நேரிலானாலும் ஃபோனிலானாலும், மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஐந்து பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் பாதுகாப்புக்கு என்று ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும், 40 பேர் இருந்தால் குழுவே வேண்டும். உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றும் வேலையை விட்டு விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. பாதுகாப்புப் புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. ஜெனீவாவில் 2019இல் ஏற்ற அனைத்துலகத் தொழிலாளர் மாநாட்டின் 190ஆம் உடன்பாடு, பயிற்சியாளர்களையும் அப்ரண்டிஸ்களையும் பெயர் சொல்லியே பாதுகாப்புக்குள் சேர்த்திருக்கிறது. இதைச் சொன்னபோது ஒரு பையன் "நம்மளையுமா அண்ணே எழுதியிருக்காங்க?" என்று கேட்டான். ஆமாம், நம்மளையும்தான்.

சட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் எழுதி வைக்க வேண்டும். ஐம்பது சென் குறிப்புப் புத்தகம் போதும். தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள். சொன்ன சொல்லை அப்படியே, தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை ஆத்திரத்தில் அழித்துவிடாமல், தேதி தெரிகிற மாதிரி படம் பிடித்து அக்காவுக்கோ நண்பனுக்கோ அனுப்பி வைக்கலாம். முதலில் பயிற்சிப் பொறுப்பாளரிடம், அவரே பிரச்சினை என்றால் பயிற்சி நிலையத்தில், காயம் பட்டாலோ மிரட்டல் வந்தாலோ போலீஸில் சொல்ல வேண்டும். மனசு ரொம்பவும் உடைந்து போய், உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினால், பிஃப்ரண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் எடுப்பார்கள். அந்த எண்ணை எங்கள் பட்டறைக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளக் கூடிய இடம் அதுதான்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பையன் வேலைக்குப் போக மாட்டேன் என்றால் "பல்லைக் கடிச்சுக்கிட்டு சான்றிதழை வாங்கிரு" என்று உடனே சொல்லாதீர்கள். அது எவ்வளவு ஆசையில் சொல்வது என்று எனக்குத் தெரியும், என் அப்பாவும் சொன்னார். முதலில் உட்கார வைத்து என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்ட பிறகு முடிவு செய்யலாம்.

எங்கள் பட்டறையில் காலை பத்து மணித் தேத்தண்ணியின்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லாரும், என்னையும் சேர்த்து, தெரியாத ஒன்றைக் கேட்க வேண்டும். தொடக்கத்தில் பெரியவர்கள்தான் கூச்சப்பட்டார்கள். முப்பது வருட அனுபவமுள்ள ஒரு வெல்டர் முதல் தடவை "இந்தப் புது மெஷின்ல இந்தப் பொத்தான் எதுக்குடா?" என்று ஒரு அப்ரண்டிஸிடம் கேட்டபோது, அந்தப் பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சுவரில் ஒரு நோட்டுப் புத்தகமும் தொங்குகிறது. விபத்துப் படிவத்தில் நான் எழுதாமல் விட்டதை அதன் அட்டையில் எழுதியிருக்கிறேன்: 'இன்றைக்குக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது என்ன?' பெயர் போட வேண்டியதில்லை. போன மாதம் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: 'வால்வை மூடின பிறகு உள்ளே பிரஷர் இல்லைன்னு எப்படித் தெரியும்?' மறுநாள் காலை எல்லாப் பையன்களையும் அழைத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனேன். வால்வை மூடி, வடிகாலைத் திறந்து, அழுத்தமானி முள் பூஜ்யத்துக்கு வரும் வரைக்கும் காத்திருந்தோம். ஒவ்வொருவரையும் ஒரு தடவை செய்ய வைத்தேன்.